நடுகல்லைக் காப்போர் யார்?

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தபோது, கல்வியின் சிறப்பை எழுதுவதா, சங்கம் வளர்ந்த வரலாற்றை எழுதுவதா என்று முதலில் எண்ணினோம். அவற்றை எழுத வல்லார் பலர் நம்மிடையே உள்ளனர். ஆகவே, அரூர் வட்டாரத்துப் பிள்ளைகள் நாள்தோறும் கடந்து சென்றும் நின்று பாராத ஒரு பொருளைப் பற்றி எழுதத் துணிந்தோம். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் நடுகல்லே அப்பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு, பள்ளிக்கு அண்மையிலுள்ள ஊர் ஒன்றின் எல்லைக்குச் சென்றோம். அங்கே மார்பளவு உயரமுள்ள கல் ஒன்று சற்றே சாய்ந்து நின்றது. ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளும் ஏந்திய வீரன் அதில் செதுக்கப்பட்டிருந்தான். தலைக்கு மேல் தேய்ந்த எழுத்துகள் சில வரிகள் இருந்தன. பாடத்தை விளக்கிவிட்டு, அருகே வந்து எழுத்தைப் பாருங்கள் என்றோம். மற்றப் பிள்ளைகள் கல்லைச் சூழ்ந்துகொண்டனர். நம் குடியிருப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவன் மட்டும் நான்கடி தள்ளியே நின்றான். காரணம் வினவியபோது, "ஐயா, இதை நாங்க தொடலாமா?" என்று கேட்டான்.

அவ்வூரார் ஆண்டுக்கொரு முறை அக்கல்லுக்குப் பொங்கலிட்டு வழிபடுவர். அன்று பறை முழக்குவோர் நம்மவர். முழக்கிவிட்டுத் தள்ளி நிற்பதே வழக்கம் என்று அச்சிறுவன் தன் பாட்டனாரிடம் கேட்டறிந்திருந்தான். தொடலாம் என்று சொல்லி அவன் கையைப் பற்றிக் கல்லின்மேல் வைத்தோம். ஆயினும் அவன் கேட்ட வினா அன்றோடு முடியவில்லை. பழமைச் சின்னங்களைக் காப்பது மக்கள் அனைவரின் கடமை என்று பாடநூல் கூறுகிறது. தொடவே தயங்கும் நிலையில் வைக்கப்பட்ட ஒருவனிடம் காக்கும் கடமையை எவ்வாறு எதிர்பார்ப்பது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

நடுகல்லும் நம் வட்டாரமும்

போரில் வீழ்ந்த வீரனின் பெயரும் பெருமையும் பொறித்து நடப்பட்ட கல்லே நடுகல். தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல், நாள் குறித்துக் கொணர்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது வரை இதற்குரிய படிநிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் அக்காலத்துப் பூசல்களுக்குப் பெருங்காரணமாய் இருந்தன. மாட்டு மந்தையைக் கல்வெட்டுகள் 'தொறு' என்று வழங்குகின்றன. தொறுவை மீட்கப் போராடி மடிந்தவர்களுக்கே இக்கற்களுள் பல எடுக்கப்பட்டன.

தென்பெண்ணைக் கரையும் அதனைச் சூழ்ந்த மலைச்சாரலும் தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் நிலப்பகுதி. அரூர், ஊத்தங்கரை, செங்கம் ஆகிய ஊர்களைச் சுற்றிக் கிடைத்தவற்றுள் பல, பல்லவர் காலத்தைச் சேர்ந்த வட்டெழுத்துக் கற்கள். தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1961-இல் தோன்றியது. அத்துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலையும், 1975-இல் 'தருமபுரி கல்வெட்டுகள்' என்ற நூலின் முதல் தொகுதியையும் வெளியிட்டது. இரா. நாகசாமி அவர்கள் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த காலம் அது. அந்நூல்கள் வந்த பின்னரே நம் வட்டாரக் கற்கள் அறிஞர் உலகின் கவனத்தை ஈர்த்தன.

இக்கற்களின் தனிச்சிறப்பு யாதெனில், இவை மன்னரை மட்டும் போற்றுவன அல்ல. மன்னனின் பெயரும் ஆட்சியாண்டும் காலத்தைக் குறிக்கவே முதலில் வருகின்றன. கல்லின் நாயகன் ஊர்க்காவல் புரிந்த எளியவனாக இருக்கலாம். செங்கம் பகுதியில் எடுத்தனூரில் உள்ள கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் போரில் மாண்டவனோடு, கள்வர் இருவரைக் கடித்துத் துணை நின்ற 'கோவிவன்' என்னும் நாயின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைக் கோழி ஒன்றுக்கே கல் எடுத்திருக்கின்றனர். நாய்க்கும் கோழிக்கும் நன்றி மறவாத சமுதாயம், பிற்காலத்தில் மனிதரையே எட்டி நிறுத்தியது என்பது எண்ணி வருந்தத்தக்க முரண்பாடு.

2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அதனால் இவ்வழக்கத்தின் தொன்மை பல்லவர் காலத்திற்கும் பல நூற்றாண்டுகள் முன்னே சென்றது. நாட்டின் வரலாற்றையே முன்னே தள்ளவல்ல சான்று, ஒரு சிற்றூரின் புதர்மறைவில் கிடக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதுவரை காத்தவர் யார்?

தொல்பொருள் துறை தோன்றி ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகளே ஆகின்றன. இக்கற்களோ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தவை. இடைப்பட்ட காலமெல்லாம் இவற்றைக் காத்தவர் யார்? ஊர் மக்களே. தருமபுரி, கிருட்டினகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகல்லை மக்கள் 'வேடியப்பன்' என்ற பெயரால் வணங்கி வருகின்றனர். கல்லில் எழுதியிருப்பது யாதென்று அறியாதவர்களும், முன்னோன் ஒருவன் நிற்கிறான் என்ற உணர்வால் அதனைப் பெயர்க்காமல் விட்டனர். எழுத்தறிவில்லாத கைகளே எழுத்தைக் காத்தன.

அக்கைகளுள் நம் முன்னோரின் கைகளும் உண்டு. ஊர் எல்லைகளைப் பற்றிய அறிவு நம்மவரிடம் வழிவழியாக இருந்தது. எல்லைத் தகராறு எழுந்தால் பறையர் குலத்து முதியவரை அழைத்து எல்லை வழியே நடக்கச் செய்து, அவர் காட்டிய கோட்டையே முடிவாக ஏற்ற வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேயர்கள் எழுதி வைத்துள்ளனர். எந்தக் கல் எந்த வரப்பில் நிற்கிறது, எது எல்லைக் கல், எது சாமிக் கல் என்று அறிந்தவர் அவர். ஏரி காவல், நீர் பாய்ச்சுதல், இறந்தாரைப் புதைத்தல், திருவிழாவில் பறை முழக்குதல் ஆகிய பணிகளால் ஊரின் நிலம் முழுவதும் அவர் காலடி பட்டது. ஆயினும் ஊர்ப் பதிவேட்டில் அவருக்கு நிலமில்லை. கோயிலில் இடமில்லை. கல்வெட்டைப் படித்தவர்கள் அவரிடம் வழி கேட்டனர். அவர் பெயரை நூலில் எழுதியவர் அரியர்.

இன்றும் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. அகழாய்வு நடக்கும் ஊர்களில் குழியில் இறங்கி மண்ணை அரித்துப் பானை ஓட்டையும் மணியையும் முதலில் கையில் எடுப்பவர் அவ்வவ்வூர்க் கூலித் தொழிலாளரே. அவர்கள் பிள்ளைகள் அக்குழியின் மேல் நின்று குறிப்பெழுதும் ஆய்வாளராக வேண்டும் என்பதே நம் சங்கம் போன்ற அமைப்புகளின் நோக்கமாதல் வேண்டும்.

நாம் ஏன் காக்க வேண்டும்?

இவ்விடத்தில் நம் இளைஞர் சிலர் ஒரு கேள்வி எழுப்புவதைக் கேட்டிருக்கிறோம். நம்மைப் பல நூற்றாண்டுகள் வாயிலில் நிறுத்திய கோயில்களையும், நம்மைத் தள்ளி நிற்கச் சொன்ன கற்களையும் நாம் ஏன் காக்க வேண்டும் என்பதே அது. நேர்மையான கேள்வி. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயரும், கக்கன் உள்ளிட்ட நம்மவரும் நுழைந்தது 1939 சூலை 8-ஆம் நாள். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்புச் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னும் கதவு திறவாத ஊர்கள் உண்டு. இப்புண் ஆறாதிருக்கையில் பழம்பெருமை பேசுவது எளிதன்று.

எனினும், காப்பது என்பது வேறு, புகழ்வது என்பது வேறு. தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. 1987-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் கற்சுவர்களில் இராசராசன் கோயிலுக்கு அளித்த ஊர்களின் விவரம் உள்ளது. அவ்வூர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கூறுமிடத்தில் குளம், சுடுகாடு ஆகியவற்றோடு 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்னும் பெயர்களும் காணப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் சேரி தனியே இருந்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று எங்கே கிடைக்கும்? தீண்டாமை என்று ஒன்று இருந்ததே இல்லை என்று நாளை ஒருவர் எழுதினால், அவருக்கு மறுமொழி கூறுவது அக்கற்சுவரே. கோயிலின் பெருமையும் நம் சிறுமையும் ஒரே சுவரில் எழுதப்பட்டுள்ளன. சுவர் அழிந்தால் நம் வழக்குக்கு வேண்டிய சான்றும் உடன் அழியும்.

அங்ஙனமாயின், பழையன எல்லாம் காக்கத்தக்கனவோ? அல்ல. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் இரு சமுதாயங்களுக்கு இடையே எழுப்பப்பட்டிருந்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6-ஆம் நாள் மாவட்ட நிருவாகம் இடித்து வழி திறந்தது. அது இடிக்கத்தக்கதே. மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்க இன்றும் பயன்படும் எதுவும் சின்னமாகாது. அதன் நிழற்படமும் வழக்கு ஆவணமும் காக்கப்பட்டால் போதும். இன்று அடக்குமுறைக் கருவியாக இருப்பதை அகற்றுக. அன்று நடந்ததற்குச் சான்றாக இருப்பதைக் காக்க. இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவு நம் இளைஞருக்கு வேண்டும்.

சின்னத்தின்மேல் உரிமை யாருக்கு?

காப்பது என்று வந்தால், யாருடைய சொல் எடுபடுவது என்ற சிக்கலும் உடன் எழும். நம் அண்டை மாவட்டமான சேலத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. அங்கே 'தலைவெட்டி முனியப்பன்' என்ற பெயரில் வழிபடப்பட்ட சிலை உண்மையில் புத்தர் சிலையே என்று கூறிப் பௌத்த அறக்கட்டளை ஒன்று 2011-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்ற ஆணைப்படி தொல்லியல் துறையினர் சிலையைத் தூய்மை செய்து ஆராய்ந்து, புத்தருக்குரிய இலக்கணங்கள் அதில் உள்ளன என்று அறிக்கை அளித்தனர். அதன்பேரில், சிலை இருக்கும் இடத்தைத் தொல்லியல் துறை ஏற்க வேண்டும் என்றும், முனியப்பன் என்ற பெயரில் பூசை நடத்தலாகாது என்றும் 2022 சூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர், நம் முன்னோர் பூர்வ பௌத்தரே என்று வாதிட்டார். அவர் வழியை மதிப்போருக்கு இத்தீர்ப்பு பெருமகிழ்வு அளித்தது இயல்பே. ஆயினும் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். வேறு பெயரிட்டேனும் அச்சிலையைக் குப்பையில் எறியாமல் எண்ணெய் வார்த்துக் காத்தவர்கள் அங்கே வழிபட்ட எளிய மக்கள். வரலாற்று உண்மை நிலைநாட்டப்படல் வேண்டும். அதே வேளையில், காத்தவர்களை அந்நியராக்காமல் உடன் அமர்த்திக்கொள்ளலும் வேண்டும். அறிஞர், அரசு, வழிபடுவோர், அண்டையில் வாழ்வோர் ஆகிய நால்வரும் கூடிப் பேசாத இடத்தில் சின்னம் வழக்குப் பொருளாகிவிடுகிறது.

நம் சமுதாயத்தின் பெருஞ்சின்னம் ஒன்றிலும் அண்மையில் இதனைக் கண்டோம். பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-ஆம் நாள் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவிய நாகபுரித் தீட்சாபூமியில், நிலத்தடி ஊர்தி நிறுத்தும் இடம் கட்டும் பணி தொடங்கப்பட்டது. தூபிக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சிய மக்கள் 2024 சூலை 1-ஆம் நாள் பெருந்திரளாகக் கூடி எதிர்த்தனர். அரசு பணியை நிறுத்தி வைத்தது. அன்று கட்டுமானப் பொருள்கள் தீக்கிரையானதை நாம் ஏற்கவில்லை. பாபாசாகேப் காட்டிய வழி சட்டவழியே. ஆனால் தொடங்குமுன் மக்களை அழைத்துக் கேட்டிருந்தால் அந்நாள் அவ்வாறு கழிந்திராது என்பதும் உண்மை.

ஆசிய நாடுகளில் கண்டவை

உலக நாடுகளும் இதனைக் காலம் தாழ்ந்தே உணர்ந்தன. உலகப் பாரம்பரியச் சின்னங்களைக் காப்பதற்குரிய நோக்கங்களாக யுனெஸ்கோவின் குழு 2002-இல் நான்கினை வகுத்தது. 2007-இல் நியூசிலாந்தில் கூடியபோதுதான் 'மக்கள் சமுதாயம்' என்பதனை ஐந்தாவதாகச் சேர்த்தது. அயலில் வாழும் மக்களின் பங்கு இல்லாமல் எச்சின்னமும் நிலைக்காது என்பது அதன் கருத்து.

நேபாள நாட்டின் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில், கோயிலையும் சத்திரத்தையும் திருவிழாவையும் பேணுவதற்கென்று நிலம் விடப்பட்ட ஊர்க் குழுக்கள் பழங்காலம் தொட்டு உள்ளன. 2015 ஏப்ரல் 25-ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் அங்குள்ள கோயில்கள் பல சரிந்தன. பக்தபூர் நகராட்சி வெளிநாட்டு நிதியின் நிபந்தனைகளை ஏற்க மறுத்து, உள்ளூர் மக்கள் குழுக்களின் மேற்பார்வையில், உள்ளூர்த் தச்சரையும் கொத்தரையும் கொண்டு, பழைய முறைப்படியே மரத்தாலும் செங்கல்லாலும் பல கட்டடங்களை மீண்டும் எழுப்பியது. 2019-இல் அக்குழுக்களின் நிலத்தைப் பற்றி அரசு கொணர்ந்த சட்ட முன்வரைவு, மக்கள் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. இவ்வுறுதி போற்றத்தக்கது. ஆயினும் அக்குழுக்கள் பெரும்பாலும் சாதி வழியிலும் குலவழியிலும் அமைந்தவை என்பதை நாம் மறத்தலாகாது. 'மக்கள்' என்ற சொல்லுக்குள் எல்லா மக்களும் அடங்குகின்றனரா என்று பார்ப்பது நம் போன்றோர் எங்கும் செய்ய வேண்டிய பணி.

நமக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு சப்பான் நாட்டினது. தோல் பதனிடல், விலங்கறுத்தல் போன்ற தொழில்களோடு இணைத்துத் தாழ்த்தப்பட்ட 'புராக்கு' மக்கள் அங்கே உள்ளனர். 1922 மார்ச்சு 3-ஆம் நாள் கியோட்டோ நகரில் கூடி, 'சமன்மைச் சங்கம்' என்று பொருள்படும் 'சுய்கெய்சா' என்னும் அமைப்பை அவர்கள் தோற்றுவித்தனர். மறு ஆண்டே கொரியாவில் இழிவுபடுத்தப்பட்ட இறைச்சித் தொழிலாளர் சின்சு நகரில் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். இரு நாட்டுச் சங்கங்களும் ஒன்றுக்கொன்று மடல் எழுதி உறவாடின. சுய்கெய்சாவின் முன்னோடிகள் பிறந்து வளர்ந்த நாரா மாநிலத்துச் சிற்றிடத்தில் அதன் அருங்காட்சியகம் இன்று உள்ளது. இரு சங்கங்களின் உறவைக் காட்டும் ஆவணங்கள் 2016-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவை பொன்னும் அல்ல, மணியும் அல்ல. கூட்டக் குறிப்பும் மடலும் போன்ற தாள்கள். தம் முன்னோர் எழுதிய தாளை எறியாது காத்ததனால் அம்மக்கள் தம் வரலாற்றுக்கு உலகின் சான்றைப் பெற்றனர்.

நாம் செய்ய வேண்டியவை

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் தொன்மைச் சின்னங்களைக் காக்க 1966-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. தேசியச் சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம் உள்ளது. தருமபுரி நகரில் உள்ள அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் பல கொணர்ந்து வைக்கப்பட்டுள்ளன. ஆனால் சட்டத்தின் பாதுகாப்பு, அறிவிக்கை செய்யப்பட்ட சின்னங்களுக்கே முழுமையாகக் கிட்டும். வரப்பில் நிற்கும் கல் அனைத்திற்கும் காவலரை அமர்த்த எந்த அரசாலும் இயலாது. சாலை அகலப்படும்போதும், கல்லுடைக்கும் குவாரி நெருங்கும்போதும், கோயிலைப் புதுப்பிக்கச் சிமெண்டுத் தளம் போடும்போதும், புதையல் தேடுவோர் இரவில் வந்து தோண்டும்போதும் முதலில் அறிபவர் அவ்வூரில் வாழ்பவரே. தொன்மை வளத்தைப் போற்றிக் காப்பது குடிமக்களின் கடமை என்று 1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு கூறுவதும் இக்காரணம் பற்றியே.

ஆகவே இளைஞர்களே, விழா முடிந்ததும் ஒரு சிறு பணியைத் தொடங்குங்கள். ஊருக்கு இருவராகச் சேர்ந்து, உங்கள் ஊர் எல்லைக்குள் உள்ள பழைய கற்களை எண்ணுங்கள். ஒரு குறிப்பேட்டில் ஊர்ப்பெயர், நிலத்தின் புல எண், கல்லின் உயரம் அகலம், அது நோக்கும் திசை, உருவம், எழுத்து உண்டா இல்லையா என்பனவற்றை எழுதுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து நன்கு தெரியும். அவ்வேளையில் நிழற்படம் எடுங்கள். அக்கல்லைப் பற்றி முதியோர் கூறும் கதையை அவர் சொன்னபடியே பதிவு செய்து, அவர் பெயரையும் மறவாது எழுதுங்கள். நம் பாட்டன்மார் காட்டிய எல்லையை நூல்கள் பெயரின்றி எழுதின. அப்பிழையை நாம் மீண்டும் செய்தலாகாது.

செய்யத் தகாதவையும் உண்டு. கல்லை இருந்த இடத்திலிருந்து பெயர்க்காதீர்கள். இடம் மாறிய கல் தன் வரலாற்றில் பாதியை இழக்கிறது. எழுத்து தெரிய வேண்டும் என்று ஆணியாலோ கம்பித் தூரிகையாலோ சுரண்டாதீர்கள். எனாமல் வண்ணம் பூசாதீர்கள். உடைந்த கல்லைச் சிமெண்டு கொண்டு ஒட்டாதீர்கள். மைப்படி எடுப்பது பயின்றவர்கள் செய்யும் வேலை. அதைத் துறையினரிடம் விட்டுவிடுங்கள். நிலத்தில் பழங்காசோ சிலையோ கிடைத்தால் மறைத்தல் குற்றம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். கிராம நிருவாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து, கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். இன்ன புல எண்ணில் உள்ள இன்ன கல் நம் ஊரின் பொதுச் சின்னம் என்றும், அதனை வழிபடவும் காணவும் ஊரிலுள்ள அனைவருக்கும் உரிமை உண்டு என்றும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றக் கோருங்கள். காக்கும் கடமையில் மட்டும் நம்மைச் சேர்த்து, நெருங்கும் உரிமையில் விலக்குவதை ஏற்காதீர்கள். கடமையும் உரிமையும் ஒரே தாளில் எழுதப்படட்டும். இதனைப் பகைமையின்றி, அண்டை வீட்டாரிடம் பேசுவது போல் பேசுங்கள். ஊரின் மற்ற இளைஞரையும் கணக்கெடுப்பில் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லின் எழுத்தைச் சேர்ந்து படித்தவர்கள் பின்னர் ஒருவரையொருவர் எட்டி நிறுத்துதல் கடினம்.

இறுதியாக, நம் வீட்டுப் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். பட்டா கோரி எழுதிய பழைய மனு, இரவுப் பள்ளி வருகைப் பதிவேடு, முதன்முதலாக ஒரு பெண் பத்தாம் வகுப்புத் தேறிய சான்றிதழ், தாத்தா முழக்கிய பறையின் மரச்சட்டம், சங்கக் கூட்டத்தின் கைந்நாட்டுக் குறிப்பு ஆகிய இவையும் நடுகற்களே. நம் கல்விச் சங்கம் தன் கட்டடத்தில் ஓர் அறையை, அறை இயலாவிடில் ஓர் இரும்பு அலமாரியை, இதற்கென ஒதுக்கித் தருமாறு இம்மலர் வாயிலாக ஆட்சிக் குழுவினரை வேண்டுகிறோம். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பொன்விழா மலருக்குக் கட்டுரை எழுதுவோர் அவ்வலமாரியைத் திறந்து எழுதட்டும்.

அன்று தள்ளி நின்று கேட்ட மாணவன், அதன் பிறகு அக்கல்லின் எழுத்துகளைத் தன் குறிப்பேட்டில் பார்த்து வரைந்துகொண்டு வந்து காட்டினான். இரண்டு எழுத்துகளைத் தவறாக வரைந்திருந்தான். திருத்திக் கொடுத்தோம். மறுநாள் மீண்டும் போய்ப் பார்த்து, நாம் திருத்தியவற்றுள் ஒன்று பிழை என்றும், தான் வரைந்ததே சரி என்றும் சொன்னான். நேரில் சென்று பார்த்தோம். அவன் சொன்னதே சரியாக இருந்தது. தொடலாமா என்று கேட்டவன், ஆசிரியரைத் திருத்தும் அளவுக்கு அக்கல்லைத் தன்னுடையதாக்கிக்கொண்டான். நடுகல்லைக் காப்போர் யார் என்ற வினாவுக்கு நாம் அறிந்த விடை அவனே. அவனைப் போன்றோர் ஊர்தோறும் பெருகுவார்களாக.